எதிர் வீட்டில் விளக்கு எரிகிறதா?

ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் முதலில் என்ன செய்வோம்? மெழுகுவர்த்தி தேடுவதெல்லாம் அப்புறம். முதலில் ஜன்னல் வழியே எதிர் வீட்டை எட்டிப் பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் ஒரு நிம்மதி. லைனில் கோளாறு, எல்லாருக்கும் வரும்போது நமக்கும் வரும் என்று உட்கார்ந்துவிடலாம். அங்கே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தால்தான் சிக்கல். கோளாறு நம் வீட்டுக்குள் இருக்கிறது, பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

எதிர் வீட்டை வைத்து நம் வீட்டைக் கண்டுபிடிக்கிற இந்தப் பழைய வேலையைத்தான் வெளிநாடுகளில் சில மின் நிறுவனங்கள் ஒரு கடிதமாக்கி வீட்டுக்கு வீடு அனுப்புகின்றன. "போன மாதம் நீங்கள் இவ்வளவு மின்சாரம் செலவழித்தீர்கள், உங்கள் அக்கம்பக்கத்து வீடுகள் இவ்வளவு செலவழித்தன" என்று சொல்கிற கடிதம். பில் வேறு, இது வேறு. இதில் கட்ட வேண்டிய தொகை கிடையாது, கெடு தேதி கிடையாது. மூன்று பட்டைகள் மட்டும் இருக்கும். ஒன்று உங்கள் வீடு. இரண்டாவது, சுற்றுவட்டாரத்தில் உங்கள் வீட்டைப் போன்ற அளவுள்ள நூறு வீடுகளின் சராசரி. மூன்றாவது, அந்த நூறில் மிகவும் சிக்கனமான இருபது வீடுகள். பக்கத்தில் ஒரு சிரித்த முகம், ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தால் இரண்டு. கீழே, செலவைக் குறைக்கச் சில யோசனைகள்.

ஆரம்பத்தில் அதிகம் செலவழித்தவர்களுக்கு முகம் சுளித்த பொம்மையும் போட்டார்கள். வாங்கியவர்கள் கோபப்பட்டதும் அதை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். காசு கொடுத்து வாங்குகிற கரண்டுக்குத் திட்டும் சேர்த்து வாங்குவானேன்?

இந்தக் கடிதத்தைப் பெரிய அளவில் கொண்டுபோனது ஓபவர் என்ற அமெரிக்க நிறுவனம். 2007இல் டான் யேட்ஸ், அலெக்ஸ் லாஸ்கி என்ற இருவர் தொடங்கினார்கள். 2016இல் ஆரக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஆனால் இதன் விதை கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் விழுந்தது. வெஸ்லி ஷூல்ட்ஸ், ராபர்ட் சியால்டினி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் அங்கே சுமார் 290 வீடுகளின் கதவில் சீட்டு மாட்டினார்கள். உங்கள் செலவு இவ்வளவு, அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு என்று அதில் இருந்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. சராசரிக்கு மேலே இருந்த வீடுகள் செலவைக் குறைத்தன. எதிர்பார்த்ததுதான். சராசரிக்குக் கீழே இருந்த வீடுகளோ செலவைக் கூட்டின!

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வகுப்பில் எல்லாரும் ஐம்பது மார்க், நான் எழுபது என்று தெரிந்த பையன் அடுத்த பரீட்சைக்கு எப்படிப் படிப்பான்? "ஊரே ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறது, நாம் மட்டும் எதற்குப் புழுங்க வேண்டும்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இதற்கு அவர்கள் கண்ட மருந்து சின்னது. எண்ணுக்குப் பக்கத்தில் சிரித்த முகம் ஒன்றைப் போட்டார்கள், அதாவது ஒரு சபாஷ். அதோடு சிக்கன வீடுகள் கை தளர்வது நின்றது. கடிதத்தில் இருக்கும் பொம்மை அழகுக்காகப் போட்டதல்ல என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. கரண்டைச் சேமிக்க உங்களைத் தூண்டுவது எது என்று மக்களைக் கேட்டார்கள். சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, காசு மிச்சம் என்றெல்லாம் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் செய்வதைப் பார்த்து நாங்கள் மாறுவதில்லை என்று அதைக் கடைசியில் தள்ளினார்கள். பிறகு ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதி வெவ்வேறு வீடுகளில் மாட்டியபோது, கடைசியில் தள்ளிய அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. எதிர் வீட்டை எட்டிப் பார்ப்பேன் என்று யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?

சரி, இனி நம் ஊருக்கு வருவோம். நான் கடலூர் கூத்தப்பாக்கத்தில் இருக்கிறேன். அக்கா புதுச்சேரி லாஸ்பேட்டையில். நடுவே முக்கால் மணி நேர பஸ் பயணம். போன கோடையில் என் பில்லில் 420 யூனிட். அக்காவிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "ஏன்டா, நீங்களும் நாலு பேரு, நாங்களும் நாலு பேரு. எங்களுக்கு இருநூத்தி அறுபதுதான் வந்துச்சு. ராத்திரி பூரா ஏசியா?" என்றாள். ஒரு நாள் முழுக்க அவமானமாக இருந்தது. மறுநாள்தான் உறைத்தது. கடலூரில் நமக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. புதுச்சேரி மின்துறை மாதாமாதம் எடுக்கிறது. என்னுடைய 420 யூனிட் 61 நாளைக்கு. ஒரு நாளைக்கு 6.9. அக்காவின் 260 யூனிட் 31 நாளைக்கு. ஒரு நாளைக்கு 8.4. போன் போட்டுச் சொன்னேன். அன்று அக்கா சீக்கிரமே வைத்துவிட்டாள்.

ஒப்பீட்டின் முதல் பாடம் இங்கே இருக்கிறது. பில் தொகையை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டு ஊருக்கும் கட்டணம் வேறு, மானியம் வேறு. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. புதுச்சேரியில் கணக்கே வேறு மாதிரி. ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை எடுக்க வேண்டும். அதை நாளால் வகுக்க வேண்டும். யூனிட் என்பது ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது ஒன்றுதான்.

இரண்டாவது விஷயம் இன்னும் வில்லங்கமானது. அக்கம்பக்கம் என்றால் யார்?

ஒரு தெருவில் பத்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத யூனிட் வரிசையாக 90, 140, 160, 180, 200, 220, 240, 280, 310, 1180. மொத்தம் 3000. பத்தால் வகுத்தால் சராசரி 300. இப்போது 280 யூனிட் வீட்டுக்காரருக்கு "நீங்கள் சராசரிக்குக் கீழே" என்று கடிதம் போகும், கூடவே ஒரு சிரித்த முகமும். உண்மையில் அவர் சிக்கனத்தில் பத்தில் எட்டாவது ஆள்! அறைக்கு ஓர் ஏசி வைத்திருக்கும் கடைசி வீடு தன்னந்தனியாகச் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதற்குப் பதிலாக வீடுகளைச் சின்னதிலிருந்து பெரிதாக வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்பதைப் பார்த்தால் 200க்கும் 220க்கும் இடையில், அதாவது 210. இதை இடைநிலை என்பார்கள். தெருவில் ஒரு சாதாரண வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கேள்விக்கு 210தான் நேர்மையான பதில். உங்களிடம் யாராவது சராசரி என்று ஓர் எண்ணைக் காட்டினால், அந்தத் தெருவில் பங்களா ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கீழ்க்கோடியில் இருக்கும் 90 யூனிட் வீடும் சந்தேகத்துக்குரியதுதான். புதுச்சேரியில் பிள்ளைகள் பிரான்சில், பாட்டி மட்டும் இங்கே என்ற வீடுகள் எத்தனை! ஆறு மாதம் பாட்டியும் அங்கே போய்விட்டால் வீட்டில் பிரிட்ஜ் கூட ஓடாது. அந்தப் பூட்டிய வீட்டை "சிக்கனமான அயலார்" என்று காட்டி ஆறு பேர் வாழும் குடும்பத்தை வெட்கப்பட வைத்தால் அதில் அர்த்தமே இல்லை. அதனால்தான் ஓபவர் கடிதத்தில் ஆள் குடியிருக்கும் வீடுகளை மட்டும், அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள வீடுகளை மட்டும் சேர்க்கிறார்கள்.

ஆனால் வீட்டின் அளவு ஒன்றே போதுமா என்றால், நம் ஊருக்குப் போதாது என்பேன். இங்கே ஒரே வீட்டுக்கு மாடிக்கு ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் இருக்கும். இரண்டும் ஒரே சமையல், ஒரே குடும்பமாக இருக்கும். மீட்டரை மட்டும் பார்த்தால் இரண்டு சிக்கனக் குடும்பங்கள்! திண்ணையில் இரண்டு தையல் மிஷின், அயர்ன் பாக்ஸ் வைத்துப் பிழைக்கிற வீடு, மாவு அரைத்துக் கொடுக்கிற வீடு, படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு நாளெல்லாம் பேன் ஓடுகிற வீடு, இவர்களிடம் போய் "அக்கம்பக்கத்தைவிட அதிகம்" என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது? எண் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணத்தையும் சொல்லவில்லை.

அப்படியானால் இந்த ஒப்பீட்டால் என்ன பயன்? என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே மேஸ்திரி ஒரே பிளானில் கட்டிய இரட்டை வீடுகள். அங்கேயும் நாலு பேர், ஓர் ஏசி, ஒரு பிரிட்ஜ். அக்காவை ஜெயித்த தெம்பில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அவருடைய யூனிட்டைக் கேட்டேன். 300 என்றார். எனக்கு 420. ஒரே வெயில், ஒரே சுவர். எங்கே போகிறது 120 யூனிட்?

பேன், லைட் எல்லாம் எண்ணிப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. பேச்சுவாக்கில் அவர், "நாங்க காலையில ஒரு தரம் மோட்டார் போடுவோம், அவ்வளவுதான்" என்றார். நாங்கள் காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று தரம் போடுகிறோம். அது அதிகம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை, எப்போதும் அப்படித்தான். அன்று ராத்திரி டிவியை நிறுத்திவிட்டு மாடி பாத்ரூமில் போய் நின்றேன். பிளஷ் டேங்கிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால்தான் சத்தம். கலர் பவுடர் கொஞ்சம் டேங்கில் போட்டுப் பார்த்தேன், ஒரு நிமிடத்தில் கோப்பை சிவந்தது. மேல் டேங்கில் ஏற்றிய தண்ணீர் நாளெல்லாம் அந்த வழியாகக் கழிவுக்குப் போயிருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார், ஓடும்போது ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். தினமும் கூடுதலாக இரண்டு முறை, முறைக்கு நாற்பது நிமிடம். நாளைக்கு 1.3 யூனிட். இரண்டு மாதத்துக்கு 80. பிளம்பர் வந்து வாஷர் மாற்றியதோடு முடிந்தது.

பில்லை மட்டும் உற்றுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதற்கு முந்தின வருஷக் கோடையோடு ஒப்பிட்டிருந்தாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அப்போதும் ஒழுகியிருக்கும். பக்கத்து வீட்டு எண் ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது.

அடுத்த ரீடிங்கில் எங்களுக்கு 318. குறைந்தது 102. எல்லாம் வாஷரின் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்குள் மழை ஆரம்பித்துவிட்டது, ஏசி பாதி நாள் ஓடவில்லை. மறுபடியும் பக்கத்து வீட்டைத்தான் கேட்க வேண்டும். அவருக்கு 300 இப்போது 270. அவர் எந்த வாஷரும் மாற்றவில்லை. அந்த 30 யூனிட் மழை கொடுத்தது. எங்கள் 102இலும் மழையின் பங்கு அவ்வளவு இருக்கும். கழித்தால் 72. வாஷரின் புண்ணியம் அதுதான். மோட்டார் கணக்கோடும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

இந்தக் கழித்தல் கணக்கைப் பிடித்துக்கொண்டால், ஆய்வாளர்கள் செய்வதும் புரிந்துவிடும். கடிதம் அனுப்பினோம், செலவு குறைந்தது என்று யாராவது சொன்னால் உடனே நம்ப முடியாது. தானே புயல் ஞாபகம் இருக்கிறதல்லவா? 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் ஊரே இருட்டில் கிடந்தது. அந்த டிசம்பரில் யாராவது நமக்குச் சிக்கனக் கடிதம் போட்டிருந்தால், அடுத்த ரீடிங்கைக் காட்டி "பாருங்கள் எங்கள் கடிதத்தின் மகிமையை" என்று சொல்லியிருக்கலாம்! அதனால் அவர்கள் முதலிலேயே சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி வீடுகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு பாதிக்குக் கடிதம் போகும், மறு பாதிக்குப் போகாது. மழை, வெயில், புயல், கிரிக்கெட் மேட்ச் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. கடைசியில் தெரியும் வித்தியாசம் கடிதத்தினுடையது.

ஹன்ட் ஆல்காட் என்ற பொருளியல் அறிஞர் அமெரிக்காவில் ஆறு லட்சம் வீடுகளின் கணக்கை இப்படிப் பார்த்து 2011இல் வெளியிட்டார். சராசரிக் குறைவு 2 சதவீதம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். 400 யூனிட் வீட்டில் 8 யூனிட். ஒரு வீட்டுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு காகிதத்தைத் தபாலில் போட்டதற்கு இது. இதே அளவு குறையக் கட்டணத்தை ஏற்றுவதென்றால் 11 முதல் 20 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். யார் குறைத்தார்கள் என்பதும் முக்கியம். ஏற்கெனவே அதிகம் செலவழித்த மேல் பத்தில் ஒரு பங்கினர் 6.3 சதவீதம் குறைத்தார்கள். கீழ் பத்தில் ஒரு பங்கினர் 0.3 சதவீதம். சிக்கனமாக இருப்பவரிடம் பிழிய ஒன்றுமில்லை, அதுதான் காரணம்.

கடிதம் வந்த சில நாள் செலவு இறங்கும், அப்புறம் மெல்ல ஏறும், அடுத்த கடிதத்தில் மறுபடி இறங்கும் என்பதையும் பின்னால் கண்டார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் நடைப்பயிற்சி போவது மாதிரி. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து வந்த பிறகு நிறுத்தினால், பலன் சட்டென்று போகவில்லை. வருஷத்துக்குப் பத்து இருபது சதவீதமாகத்தான் தேய்ந்தது. அதற்குள் பழக்கமோ பழைய பிரிட்ஜோ மாறியிருக்கும்.

இந்தியாவில் இது நடக்காத கதை இல்லை. டெல்லியில் பி.எஸ்.இ.எஸ். ராஜதானி என்ற மின் விநியோக நிறுவனம் இதே ஓபவர் முறையைத் தன் வாடிக்கையாளர்களிடம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே டெல்லி வட்டாரத்தில் அனந்த் சுதர்ஷன் என்ற பொருளியல் அறிஞர் நடத்திய ஆய்வில், வாராவாரம் ஒப்பீடு அனுப்பிய வீடுகளில் கோடைச் செலவு 7 சதவீதம் குறைந்தது. கூடவே குறைத்தால் பரிசு, கூடினால் அபராதம் என்று காசையும் சேர்த்த வீடுகளில் அந்தப் பலன் காணாமல் போனது. காசு என்று வந்ததும் "கொடுத்துவிட்டுச் செலவழிக்கிறேன், உனக்கென்ன" என்ற மனநிலை வந்துவிடுகிறதோ என்னவோ. எனக்கு அப்படித்தான் படுகிறது.

என் கைக்கு வருகிற பில்லில் என் ரீடிங் மட்டும்தான் இருக்கிறது, பக்கத்து வீடு இல்லை. ஆனால் நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கோடு உண்டு, 500 யூனிட். இரண்டு மாதத்தில் அதைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறிவிடும். ஆகவே 490இல் இருப்பவர் கடைசி வாரத்தில் மீட்டரைப் போய்ப் போய்ப் பார்ப்பார். 350இல் இருப்பவரோ தன்னிடம் எந்தத் தப்பும் இல்லை என்று நிம்மதியாக இருப்பார், 210இல் முடிய வேண்டிய வீடாக இருந்தாலும். கோடு சொல்லாததை அக்கம்பக்கம் சொல்லும் என்பது இதனால்தான்.

கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே செய்யலாம். உங்கள் வீட்டைப் போன்ற, அதே எண்ணிக்கை ஆட்கள் உள்ள நாலைந்து வீடுகளைப் பிடியுங்கள். ஈபி கார்டிலோ ரசீதிலோ இரண்டு ரீடிங் தேதிகளையும் யூனிட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளால் வகுத்து வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பாருங்கள். நீங்கள் அதைவிட ரொம்ப மேலே இருந்தால் தினமும் ரொம்ப நேரம் ஓடுகிறவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள்: மோட்டார், பிரிட்ஜ், பேன். பழைய பேன் ஒன்று 75 வாட். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். புது மாதிரி பிஎல்டிசி பேன் அதில் பாதிக்கும் கீழே. மிக்சியை நிறுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை, சட்னி நன்றாக அரைபடட்டும்.

கஷ்டமான வேலை கணக்கு அல்ல, கேட்பது. என்ன சம்பளம் என்று கூசாமல் கேட்கிற தெருவில், எத்தனை யூனிட் என்று கேட்டால் "எதுக்குத் தம்பி, ஈபிலேர்ந்து ஏதாவது வர்றாங்களா?" என்று உள்ளே போய்விடுகிறார்கள். ஐந்து வீடு கேட்டு எனக்கு மூன்றுதான் கிடைத்தது. ஓபவர் கடிதத்தில் பெயர் இல்லாமல் நூறு வீடுகளைச் சேர்த்துக் காட்டுவதன் சௌகரியம் அப்போதுதான் புரிந்தது.

அக்கா இப்போது உஷாராகிவிட்டாள். பில் வந்ததும் அவளே போன் செய்கிறாள், தொகையைச் சொல்வதில்லை. "முப்பத்திரண்டு நாளைக்கு இருநூத்தி நாப்பது" என்கிறாள். வகுக்கிற வேலை எனக்கு.